பாக் வாத்தியாரை எப்படி நினைவில் வைப்பது?

பாக் என்றதும் நம்மில் நிறையப் பேருக்கு முதலில் இளையராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். 1986ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று உண்டு. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்கிறார் ராஜா. தொகுப்பே தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு பாக் என்பது ஒரு மனிதரின் பெயரே இல்லை, கிட்டத்தட்ட ஒரு சன்னிதி.

சரி, நாம் பாக்கின் வீட்டுக்குப் போயிருந்தால் யாரைச் சந்தித்திருப்போம்?

ஒரு பாட்டு வாத்தியாரை. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில், புனித தோமா பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே ஒரு பகுதியில் அவருக்குக் குடியிருப்பு. 1723ல் வேலைக்குச் சேர்ந்தவர் 1750ல் இறக்கும்வரை இருபத்தேழு வருஷம் அதே வேலையில் இருந்தார். விடுதிப் பையன்களுக்குப் பாடச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஞாயிறு ஆராதனைக்கு அவர்களைத் தயார் பண்ண வேண்டும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாட அனுப்ப வேண்டும். லத்தீன் பாடமும் எடுக்கணும் என்பது ஏற்பாடு. அதிலிருந்து தப்பிக்க, தன் கைக்காசிலிருந்து வருஷத்துக்கு 50 தாலர் கொடுத்து இன்னொரு ஆசிரியரை எடுக்க வைத்தார். அவர் இறந்த பிறகு நகர மன்றம் கூடியபோது ஒரு உறுப்பினர் சொன்னதன் சாரம் இது: பள்ளிக்கு வேண்டியது பாட்டு வாத்தியார், இசைக்குழுத் தலைவர் இல்லை. அடுத்த ஆளை பாக் உயிரோடு இருக்கும்போதே, 1749 ஜூனில், வாசிக்க வைத்துத் தேர்வு செய்து வைத்திருந்தார்கள்.

இப்படி ஒரு ஆசிரியர் இறந்தால் நாம் என்ன எழுதுவோம்? அன்பான கணவர், பாசமுள்ள தகப்பன், இறைப்பற்று மிக்கவர், நல்லாசான். எந்த ஊர் பேப்பரிலும் கண்ணீர் அஞ்சலிக் கட்டத்துக்குள் இதே வார்த்தைகள்தான். சபாக்களின் நினைவு மலர்களிலும் இதேதான், கூடவே “எளிமையின் சிகரம்” என்று ஒரு வரி. இந்தக் குறிப்பு அந்த வார்த்தைகளைப் பற்றித்தான். அவை பொய் என்று சொல்ல வரவில்லை. பாக் விஷயத்தில் எல்லாமே உண்மை. பிரச்சனை என்னவென்றால், குடும்பப் பற்றையும் பக்தியையும் ஒரு மனிதரின் குணமாகச் சொல்லிவிட்டால் அவற்றுக்குப் பின்னால் இருந்த வேலை மறைந்துபோகிறது. அந்த வேலையைக் கூடச் சேர்ந்து செய்தவர்களும் மறைந்துபோகிறார்கள். பாக்கை நினைவுகூர்ந்த மூன்று படைப்புகளை வைத்து இதைப் பார்க்கலாம்: மகன் எழுதிய இரங்கற்குறிப்பு, ஒரு நாவல், ஒரு சினிமா.

மகன் எழுதியது

பாக்கின் முதல் வாழ்க்கை வரலாறு 1754ல் மிட்ஸ்லர் என்பவர் நடத்திய இசைப் பத்திரிகையில் வந்த இரங்கற்குறிப்பு. எழுதியவர்கள் இரண்டாவது மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக்கும், பழைய மாணவர் ஆக்ரிகோலாவும். பின்னால் வந்த எல்லா வரலாறுகளுக்கும் இதுதான் தாய்க் கிணறு. நமக்குத் தெரிந்த கதைகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் இறைத்தவை. பெற்றோரை இழந்த பையன் அண்ணன் வீட்டில் வளர்கிறான். அண்ணன் பூட்டி வைத்த இசைச் சுவடியை இரவில் கம்பி வழியாகக் கையை விட்டு உருவி, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் படியெடுக்கிறான். வளர்ந்தபின் டிரெஸ்டனில் ஒரு பிரெஞ்சு வித்வானோடு போட்டி என்று நாள் குறிக்கிறார்கள். அந்த வித்வான் காலையிலேயே வண்டி பிடித்து ஊரைவிட்டுப் போய்விடுகிறார். 1747ல் போட்ஸ்டாம் அரண்மனையில் அரசர் ஃப்ரெடெரிக் முன் வாசிக்கிறார்.

நம்மூர் வித்வான்கள் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழகினதுதான். குழந்தையிலேயே தெரிந்த மேதமை, சமஸ்தானத்தில் போட்டி, எதிராளி தோற்றது, ராஜா மெச்சியது. மகனுக்கு அப்பாவை உலகம் மறந்துவிடக் கூடாது என்று இருந்தது. அதற்கு அந்தக் காலத்தில் செல்லுபடியாகும் நாணயம் இதுதான். அதில் தப்பு சொல்ல முடியாது.

குறிப்பில் என் மனதைத் தைத்த இடம் ஒன்று உண்டு. 1720ல் பாக் தன் எஜமானரான கோத்தன் இளவரசரோடு கார்ல்ஸ்பாட்டுக்குப் போயிருந்தார். முதல் மனைவி மரியா பார்பராவை நல்ல உடம்போடு விட்டுப்போனவர், திரும்பி வீட்டு வாசலில் கால் வைத்தபோதுதான் அவர் இறந்ததும் அடக்கம் ஆனதும் தெரிந்தது. அப்போது இமானுவேலுக்கு ஆறு வயது. அம்மா செத்த வீட்டை அந்தக் குழந்தை முப்பது வருஷம் கழித்து எழுதுகிறது. அங்கே ஒரு வார்த்தை கூட அலங்காரம் இல்லை.

ஆனால் அடுத்த வருஷம் அந்த வீட்டுக்கு வந்த சிற்றன்னையைப் பற்றி என்ன இருக்கிறது? பெயர், அவர் அப்பா எந்தப் பிரபுவிடம் எக்காளம் ஊதினார் என்ற விவரம், கல்யாணமான வருஷம், பெற்ற பிள்ளைகள் எத்தனை. அவ்வளவுதான். அன்னா மக்தலேனா கோத்தன் அரண்மனையில் தனிச் சம்பளம் வாங்கிய பாடகி என்பது அதில் இல்லை. இருபது வயதில் நான்கு பிள்ளைகளுக்கு அம்மாவாகி வந்தார் என்பது இல்லை. கணவரின் இசையைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்தார் என்பதும் இல்லை. குறிப்பு அச்சானபோது அவர் உயிரோடு, அதே லைப்ஸிக்கில் இருந்தார். எந்த நிலையில் இருந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மனைவி எழுதியதாக நம்பப்பட்டது

அந்த வெற்றிடத்தை 1925ல் ஒரு ஆங்கில நாவல் நிரப்பியது. ‘மக்தலேனா பாக்கின் சிறு குறிப்பேடு’ என்று தலைப்பை மொழிபெயர்க்கலாம். எழுதியவர் எஸ்தர் மெய்னெல். ஆனால் முதலில் பெயர் போடாமல்தான் வந்தது. ஜெர்மன் மொழிபெயர்ப்பும் ஆசிரியர் பெயர் இல்லாமலே வந்ததால், நிறைய வாசகர்கள் அதை அன்னா மக்தலேனாவின் அசல் நினைவுக் குறிப்பு என்றே நம்பிவிட்டார்கள். விதவை, கணவரை நினைத்துக்கொண்டு எழுதுகிறார். அவர் பேரன்பு, பொறுமை, பக்தி, குழந்தைகளோடு கொஞ்சியது. படிக்க இனிமையாக இருக்கும்.

இங்கதான் எனக்கு இடிக்கிறது. மனைவியின் குரலில் எழுதிய புத்தகத்தில் மனைவிக்கு இருக்கும் ஒரே வேலை கணவரை வியப்பது. மகன் அவரை ஒரு வரியில் முடித்தார். நாவல் முழுப் புத்தகத்தையும் கொடுத்து, கண்ணாடியாக நிற்க வைத்தது. கண்ணாடிக்கு முகம் கிடையாது.

இதற்கு எதிர்வினையும் நம் காலத்தில் வந்தது. தனி செல்லோவுக்கான ஆறு தொகுப்புகளை எழுதியதே அன்னா மக்தலேனாதான் என்று மார்ட்டின் ஜார்விஸ் என்பவர் வாதிட்டார். 2014ல் அதை வைத்து ஒரு ஆவணப்படமும் வந்தது. பாக் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அந்தப் பிரதி அவர் கையெழுத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கையெழுத்து அவருடையது என்பதால் இசையும் அவருடையது ஆகிவிடாது. என் எதிர்ப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வாதம் அவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அவர் உண்மையிலேயே செய்த வேலையைச் சிறுமைப்படுத்துகிறது. பாடகியாக இருந்தது போதாது, படியெடுத்தது போதாது, மேதையாக இருந்தால்தான் மதிப்பு என்கிறது. மேதைகளை மட்டுமே நினைவில் வைக்கும் பழைய பழக்கம்தான் இது, வேஷம் மட்டும் புதுசு.

உழைப்பைக் காட்டிய சினிமா

மூன்றில் எனக்குப் பிடித்தது ழான்-மாரி ஸ்ட்ராப், தானியேல் உய்யே தம்பதி 1968ல் எடுத்த ‘அன்னா மக்தலேனா பாக்கின் குறிப்பேடு’ என்ற கறுப்பு வெள்ளைப் படம். பெயர் நாவலை ஞாபகப்படுத்தினாலும் நாவலின் கதை இதில் இல்லை. இரங்கற்குறிப்பு, கடிதங்கள், நகர மன்றத்துக்கு எழுதிய மனுக்கள் போன்ற ஆவணங்களிலிருந்து தொகுத்ததை அன்னா மக்தலேனாவின் குரல் உணர்ச்சி காட்டாமல் படித்துக்கொண்டே போகிறது. பாக்காக வருபவர் நடிகர் இல்லை, ஹார்ப்சிகார்ட் வித்வான் கஸ்டாவ் லியோன்ஹார்ட். கோத்தன் இளவரசராக வருபவர் நிக்கலாஸ் ஹார்னன்கோர்ட். பழைய இசைக்கருவிகளை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் இரண்டு பேருக்குமே பெரிய பங்கு உண்டு.

படம் ஐந்தாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவின் ஹார்ப்சிகார்ட் பகுதியோடு ஆரம்பிக்கும். கேமரா பெரும்பாலும் அசையாது. வாசிப்பவர் விரல் ஓடுவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படம் முழுக்க இப்படித்தான். படப்பிடிப்பிலேயே நேரடியாக ஒலிப்பதிவு செய்தது. ஒரு உருப்படி என்றால் ஒரு நீண்ட ஷாட். காலம் இருபது முப்பது வருஷம் ஓடினாலும் லியோன்ஹார்டின் முகத்தில் கிழட்டு மேக்கப் கிடையாது. ‘அமேடியஸ்’ மாதிரி எதிர்பார்த்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவீர்கள். கொஞ்சம் பொறுத்தால் ஒன்று பிடிபடும்: இந்தப் படம் பாக்கின் மனதுக்குள் போகவே முயலவில்லை. அவர் என்ன உணர்ந்தார் என்பதற்குப் பதில் அவர் என்ன செய்தார் என்று காட்டுகிறது. வாசித்தார், நடத்தினார், மனு எழுதினார், சம்பளத்துக்கு மல்லுக்கட்டினார். நடுநடுவே குழந்தைகளின் சாவை அந்தக் குரல் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்த உருப்படிக்குப் போய்விடும்.

அந்தச் சாவுகள் எத்தனை தெரியுமா? 1726க்கும் 1733க்கும் நடுவில் மட்டும் அந்த வீட்டில் ஏழு குழந்தைகள். இரண்டு மனைவியர்க்கும் சேர்த்துப் பிறந்தவர்கள் இருபது, வளர்ந்து ஆளானவர்கள் பத்து. சவப்பெட்டி போன அடுத்த ஞாயிறும் ஆராதனை உண்டு, பையன்களைப் பாடவைக்க வேண்டும். படம் எந்த அழுகையும் காட்டாமல் இதைப் புரியவைத்துவிடுகிறது.

ஆனால் பாக்கின் மரணத்தோடு படமும் முடிந்துவிடுகிறது. இவ்வளவு நேரம் நமக்குக் கதை சொன்ன பெண்மணிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று படம் கேட்கவில்லை.

நோட்டுப் புத்தகங்கள்

மூன்றையும் விட நல்ல நினைவுச் சின்னம் அந்த வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. அது பிள்ளைகளின் பாட நோட்டு.

1720 ஜனவரி 22 அன்று மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்கு பாக் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தார். பையனுக்கு ஒன்பது வயது. முதலில் ஸ்வரம் எழுதும் முறை, பிறகு கமகங்களுக்குச் சமமான அலங்காரக் குறிகளின் அட்டவணை, அப்புறம் ஒரு குட்டி உருப்படி. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எந்த விரல் என்று நம்பர் போட்டிருக்கிறது. மூன்றாம் விரல் நான்காம் விரலைத் தாண்டிப்போகும் பழைய விரலடி. அந்தப் பக்கத்தின் தலைப்பில் ‘இயேசுவின் நாமத்தில்’ என்பதன் சுருக்கெழுத்து, நாம் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி.

குடும்பம், பக்தி, ஆசிரியப் பணி ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஒரு அடைமொழி கூட இல்லாமல். பையன் கஷ்டப்படாமல் இருக்க அப்பா விரல் நம்பர் எழுதியிருக்கிறார். அன்பு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?

பின்னால் உலகப் புகழ் பெற்ற இரண்டு குரல் இன்வென்ஷன்களும், ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதல் புத்தகத்தின் பல முகப்புகளும் இந்த நோட்டில் ஆரம்ப வடிவில் இருக்கின்றன. 1723ல் இன்வென்ஷன்களுக்குத் தனிப் பிரதி எழுதியபோது முதல் பக்கத்தில் அவர் சொன்ன நோக்கமே சொல்லிக்கொடுப்பதுதான்: இரண்டு குரலையும் சுத்தமாக வாசிக்க, பிறகு மூன்று குரல், பாடுகிற மாதிரி வாசிக்க, சொந்தமாக எழுதுவதன் ருசியைக் காட்ட. இன்று நாம் சி.டி. போட்டு பயபக்தியோடு கேட்பது ஒரு பையனின் ஹோம்வொர்க்.

அன்னா மக்தலேனாவுக்கும் இரண்டு நோட்டுகள் உண்டு, 1722லும் 1725லும் தொடங்கியவை. இரண்டாவதைப் புரட்டினால் ஒரு கூட்டுக் குடும்பத்தின் கூடத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் பாக்கின் இரண்டு பார்ட்டிட்டாக்கள். அப்புறம் கூப்பரனின் பிரெஞ்சு உருப்படி ஒன்று, பிள்ளை இமானுவேலின் ஆரம்பகால முயற்சிகள், சில ஞானப்பாட்டுகள். பாக்கின் காதல் பாட்டு என்று கல்யாண வீடுகளில் பாடப்படும் ‘பிஸ்ட் டு பை மீர்’ இதில்தான் இருக்கிறது. அதன் இசை ஸ்டோல்ட்சல் என்பவருடையது.

சென்னையிலோ கோவையிலோ கீபோர்டு கிளாஸ் போகும் குழந்தை ஏதோ ஒரு கட்டத்தில் ‘மினுவெட் இன் ஜி’ வாசிக்கும். பாக் எழுதியது என்றுதான் ரொம்ப காலம் அச்சடித்தார்கள். அதுவும் இந்த நோட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் இசை கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் என்ற டிரெஸ்டன் ஆர்கன் வித்வானுடையது என்று 1970களில் கண்டுபிடித்தார்கள். பாக்கின் பெயரில் உலகம் முழுக்கக் குழந்தைகள் முதலில் தொடும் உருப்படி பாக்குடையதே இல்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை, சந்தோஷம்தான். நல்ல வாத்தியார் தன் உருப்படியை மட்டுமா சொல்லிக்கொடுப்பார்? யாருடையது நல்லதோ அதை நோட்டில் எழுதி வைப்பார்கள். அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது.

வெளி மாணவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வீடு புறாக்கூண்டு மாதிரி, ஆட்கள் வந்தும் போயும் இருந்தார்கள் என்று இமானுவேலே பின்னாளில் ஒரு கடிதத்தில் சொல்கிறார். கெர்பர் என்ற மாணவருக்கு ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முழுவதையும் பாக் மூன்று முறை வாசித்துக் காட்டியதாக அவருடைய மகன் பதிந்திருக்கிறார். பாடம் எடுக்க மனசில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு வாத்தியில் போய் உட்கார்ந்துவிடுவாராம். 1802ல் வாழ்க்கை வரலாறு எழுதிய ஃபோர்கல், ஆரம்ப மாணவர்களுக்கு மாதக்கணக்கில் விரல் பயிற்சி மட்டுமே நடக்கும் என்கிறார். பையன் சலித்துப்போனால் அந்தப் பயிற்சியையே உள்ளே வைத்து ஒரு சின்ன உருப்படி எழுதிக் கொடுப்பாராம்.

நம் குருகுலக் கதைகள் தெரிந்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: இத்தனை பேர் வந்து போன வீட்டில் யார் சமைத்தது, யார் துணி பார்த்தது? குருகுலத்தில் மாமியின் பங்கை ‘தாயுள்ளத்தோடு பரிமாறினார்’ என்று முடித்துவிடுவது நமக்கும் பழக்கம்தான்.

பள்ளியிலோ அவர் இவ்வளவு பொறுமைசாலி இல்லை. 1730 ஆகஸ்டில் நகர மன்றத்துக்குக் கொடுத்த மனுவில் பையன்களைக் கணக்குப் போட்டுப் பிரித்திருக்கிறார்: தேறியவர்கள் 17, இன்னும் தேறாதவர்கள் 20, எதற்கும் ஆகாதவர்கள் 17. கடைசிப் பதினேழு பேரின் இடத்தில் நின்று யோசித்தால் ‘நல்லாசான்’ என்ற வார்த்தை தொண்டையில் நிற்கும். உதவிப் பாடகத் தலைவனை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்று தலைமையாசிரியர் எர்னெஸ்டியோடு 1736லிருந்து இரண்டு வருஷம் சண்டை. இளம் வயதில் வைமாரில் எஜமானரிடம் விடுவிக்கச் சொல்லி அடம்பிடித்து 1717ல் கிட்டத்தட்ட ஒரு மாதம் காவலில் இருந்தவர் அவர். எளிமையின் சிகரம் எல்லாம் இல்லை.

பக்தியும் படியும்

பாக்கின் பக்தியைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி அவரை ஐந்தாம் சுவிசேஷகர் என்றே கொண்டாடியது. பிறகு கையெழுத்தையும் தாளையும் ஆராய்ந்து, அவருடைய திருச்சபைக் கன்டாட்டாக்களில் பெரும்பங்கு லைப்ஸிக்கின் முதல் சில வருஷங்களிலேயே எழுதி முடிக்கப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். அதை வைத்து 1962ல் ஃப்ரீட்ரிஷ் ப்ளூமே, இவர் உள்ளத்தால் தேவாலய இசைஞர் இல்லை, வேலைக்காக எழுதினவர் என்றார். பெரிய கூச்சல் ஆயிற்று.

இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. வேலை வேறு, விசுவாசம் வேறு என்று வைத்துக்கொள்கிறார்கள். தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் சபைகளில் ஞானப்பாட்டுப் புத்தகத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். 1706ல் சீகன்பால்கு வந்து இறங்கியபிறகு அந்த மிஷன் வழியாக ஜெர்மன் ஞானப்பாட்டுகளும் இங்கே வந்தன, தமிழ் வார்த்தைகளோடு இன்னும் பாடப்படுகின்றன. பாக் நான்கு குரலில் அமைத்தது இதே மரபின் மெட்டுகளைத்தான். அந்தச் சபைகளில் ஆர்மோனியமோ ஆர்கனோ வாசிப்பவரிடம் ‘நீங்க பக்திக்கு வாசிக்கிறீங்களா, சம்பளத்துக்கா’ என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே அபத்தமாகத் தெரியும்.

பாக்கின் சொந்த வேதாகமம் கிடைத்திருக்கிறது. காலோவின் விளக்கவுரையோடு மூன்று தொகுதிகள், கையொப்பத்தோடு 1733 என்ற வருஷம். 1934ல் அமெரிக்காவில் மிச்சிகனில் ஒரு வீட்டில் வெளிச்சத்துக்கு வந்தது. ஓரங்களில் அவர் கையெழுத்துக் குறிப்புகள். சாலொமோன் ஆலயத்தில் பாடகர்கள் ஒருமித்துப் பாடியபோது மேகம் நிறைந்த இடத்தில், பக்தியோடு செய்யும் இசையில் தேவன் எப்போதும் இருக்கிறார் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இசை வாத்தியார் ஒருவர் வேதத்தைப் படிக்கும்போது எங்கே பேனாவை எடுப்பாரோ அங்கேதான் எடுத்திருக்கிறார்.

இதே மனிதர் 1730 அக்டோபரில் பால்ய நண்பர் எர்ட்மானுக்கு வேறு வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் வரவு செலவு சொல்கிறார். வருமானம் சுமார் 700 தாலர். ஊரில் சாவு அதிகம் என்றால் படி கூடும். போன வருஷம் காற்று ஆரோக்கியமாக இருந்துவிட்டதால் சாவுப் படியில் நூறு தாலருக்கு மேல் நஷ்டம். அதே கடிதத்தில்தான் பிள்ளைகள் எல்லாருமே பிறவிப் பாடகர்கள், வீட்டுக்குள்ளேயே ஒரு கச்சேரி நடத்திவிடலாம், மனைவி சுத்தமாகப் பாடுகிறாள், மூத்த பெண்ணும் சேர்ந்துகொள்கிறாள் என்று பெருமைப்படுகிறார். பெருமைக்கு மட்டும் மேற்கோள் காட்டிச் சாவுப் படியை விட்டுவிடுவது நினைவு மலர்களின் வழக்கம். எனக்கு இரண்டும் சேர்ந்தால்தான் அவர் ஒரு தகப்பனாகத் தெரிகிறார்.

இன்னொரு கடிதம் அதைவிடக் கனமானது. மகன் கோட்ஃப்ரீட் பெர்ன்ஹார்டுக்கு அப்பாதான் வேலை தேடிக் கொடுத்தார். பையன் ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டு 1738ல் காணாமல் போனான். முன்பு ஒரு ஊரில் வைத்த கடனை அப்பா அடைத்திருந்தார். இப்போது மறுபடி. சொல்லியும் பார்த்தாயிற்று, இனி சிலுவையைச் சுமந்துகொண்டு பிள்ளையைத் தேவனின் இரக்கத்தில் விட்டுவிடுகிறேன் என்று எழுதுகிறார். அடுத்த வருஷமே அந்தப் பையன் இறந்துபோனான், வயது 24. பக்தி என்பது இங்கே ஒரு அப்பாவின் கையில் கடைசியாக மிஞ்சியது.

1760

பாக் உயில் எழுதாமல் இறந்தார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு, மீதி ஒன்பது பிள்ளைகளுக்கு. பட்டியலில் இசைக்கருவிகள் இருந்தன, எண்பதுக்கு மேற்பட்ட சமய நூல் தொகுதிகள் இருந்தன. இசைச் சுவடிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவை தனியே பங்காயின. அன்னா மக்தலேனா தன் பங்குக்கு வந்த கன்டாட்டாப் பிரதிகளைத் தோமா பள்ளிக்கே கொடுத்தார். அவை இன்னும் லைப்ஸிக்கில் இருப்பதற்கு அதுவே காரணம். ஆறு மாதம் கருணைக் காலம் முடிந்ததும் பள்ளிக் குடியிருப்பைக் காலி செய்தார். 1752ல் நகர மன்றம் அவருடைய வறுமையைக் கருதியும், அவர் கொடுத்த சில இசைச் சுவடிகளுக்காகவும் 40 தாலர் கொடுத்தது. 1760 பிப்ரவரி 27 அன்று அவர் இறந்தபோது பதிவேட்டில் எழுதப்பட்டது, தர்மப் பணத்தில் வாழ்ந்த பெண் என்று. கடைசி மகள் ரெஜினா சுசன்னாவுக்காக 1800ல் ஒரு இசைப் பத்திரிகை பொது நிதி கேட்க வேண்டி வந்தது. உதவ முன்வந்தவர்களில் பீத்தோவனும் ஒருவர்.

மகன்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. இமானுவேல் தன் தம்பி யோஹான் கிறிஸ்டியானை பெர்லினுக்கு அழைத்துப்போய் வளர்த்தார். அப்பாவின் ‘ஆர்ட் ஆஃப் ஃப்யூக்’ அச்சிட்டு முப்பது பிரதி போல்தான் விற்றது, செப்புத் தகடுகளை விற்க விளம்பரம் கொடுத்தார். அவருக்கும் கஷ்டம். விதவைகளுக்கு அந்த ஊரில் வேறு ஏற்பாடும் இருக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் தள்ள முடியவில்லை. ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்று ஒரு ஆசிரியரைப் பற்றி எழுதும்போது, அந்தக் குடும்பம் அவருக்குப்பின் எப்படி வாழ்ந்தது என்பதையும் எழுத வேண்டாமா? பத்து வருஷம் அந்த அம்மாள் தர்மப் பணத்தில் வாழ்ந்ததைச் சொல்லாத எந்தப் புகழுரையும் பாதிதான்.

அடுத்த முறை செல்லோ தொகுப்புகளைக் கேட்கும்போது ஒரு தகவலைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பாக் தன் கையால் எழுதிய பிரதி எதுவும் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. வாசிப்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கும் பழைய பிரதி அன்னா மக்தலேனா எழுதியது. ஆங்காங்கே தவறுகளும், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாத வில் இழுப்புக் கோடுகளும் அதில் உண்டு. அதைப் பற்றி செல்லோக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குறைப்பட்டுக்கொண்டே அதிலிருந்துதான் வாசிக்கிறார்கள்.